சோறு விற்றவன் சொல்லும் சீனிக் கணக்கு

(சங்கத்தின் பொன்விழாவையொட்டிப் பத்துமலையில் நடைபெற்ற நலவாழ்வு நிகழ்ச்சியில், உணவகத் தொழிலில் நெடுநாள் இருக்கும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





மண்டபத்துக்குப் பின்னால் பிரியாணிக்குத் தம் உடைத்துவிட்டார்கள் என்று வாசனையே சொல்கிறது. அந்தப் பிரியாணிக்கும் உங்களுக்கும் நடுவில் என்னை நிறுத்தி, "இனிப்பு நீர் பற்றி இருபது நிமிடம் பேசுங்க காக்கா" என்று செயலாளர் தம்பி சொல்லிவிட்டார். என் மேல் அவருக்கு என்ன கோபமோ தெரியவில்லை.

நான் டாக்டர் இல்லை. கண், சிறுநீரகம், கால் நரம்பு பற்றியெல்லாம் டாக்டர் அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் 38 வருடமாக நாசி கண்டார் கடை நடத்துகிறவன். 12 வருடமாக இனிப்பு நீர்க்காரன். சோறு விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அந்தச் சோற்றைக் குறைத்துத்தான் இன்று உங்கள் முன்னால் இரண்டு காலில் நிற்கிறேன். இப்படிப் பேசுவது வியாபாரத்துக்கு நல்லதில்லை என்று என் மகனே சொன்னான். இருந்தாலும் பேசுகிறேன்.

என் வாப்பாவிலிருந்து தொடங்குகிறேன். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலில் பினாங்குக்கு வந்தவர். அங்கே கடையில் தட்டுக் கழுவி, கறி கலக்கக் கற்று, பிறகு கோலாலம்பூர் வந்து சொந்தக் கடை போட்டார். ஐம்பது வயதில் அவருக்கு இனிப்பு நீர் என்று சொன்னார்கள். வாப்பா அன்றைக்கே சீனியை விட்டார். தேத்தண்ணியில் சீனி கிடையாது. பெருநாளைக்கு வட்டலப்பம் வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவார். அவ்வளவு கட்டுப்பாடான மனிதர். ஆனால் மதியம் இரண்டு தட்டுச் சோறு, இரவு மூன்று பரோட்டா. யாரும் அவரிடம் அது வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்ல எங்களுக்கும் தெரியவில்லை. முதலில் கால் பெருவிரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கடைசி இரண்டு வருடம் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "நான்தான் சீனியே தொடலையே, எனக்கு ஏன் இப்படி?" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிய வரும்போது வாப்பா மவுத்தாகிப் பல வருடம் ஆகியிருந்தது. பதில் இதுதான்: சோறும் சீனிதான். நாக்குக்குத் தெரியாத சீனி. வெள்ளைச் சோறு, பரோட்டா, ரொட்டி, மீ, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் இருப்பது மாவுச்சத்து. குடலுக்குள் போனதும் அது உடைந்து குளுக்கோஸ் ஆகி ரத்தத்துக்குள் போகிறது. உள்ளே வந்த குளுக்கோஸ் சீனி டப்பாவிலிருந்து வந்ததா, சோற்றுப் பானையிலிருந்து வந்ததா என்று ரத்தம் பார்ப்பதில்லை.

கடைக்காரன் என்பதால் நிறுத்துச் சொல்கிறேன். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. என் கடையில் ஒரு தட்டுக்கு வைக்கிற சோற்றைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 250 கிராம் இருந்தது. அப்படியானால் 70 கிராம் மாவுச்சத்து. ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம். நீங்களே வகுத்துக் கொள்ளுங்கள், பதினேழு கரண்டிக்கு மேல் வருகிறது. இது மறுசோறு கேட்காதவர் கணக்கு. ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 45 கிராம். எங்கள் கடையில் ஒன்றோடு எழுந்து போனவரை நான் பார்த்ததில்லை.

தே தாரிக் தனிக் கதை. அதில் இனிப்பு வருவது சீனியிலிருந்து இல்லை, டின் பாலிலிருந்து. அந்தப் பாலில் பாதிக்கு மேல் சீனிதான். இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் ஐந்து தேக்கரண்டிச் சீனி ஊற்றியதாக அர்த்தம். "குராங் மானிஸ்" என்று கேட்டால் எங்கள் பையன் கொஞ்சம் குறைவாக ஊற்றுவான், அவ்வளவுதான். "சீனி வேணாம்" என்று கேட்பவர்களுக்கும் சில கடைகளில் டின் பால்தான் போகும். அதனால் சீனி இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எந்தப் பால் என்று கேளுங்கள். நான் தே ஓ கோசோங் குடிக்கிறேன். முதல் மாதம் மருந்து மாதிரி இருந்தது. இப்போது டின் பால் போட்டுக் கொடுத்தால்தான் குடிக்க முடியவில்லை.

பத்துமலையில் கடை வைத்திருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் அந்த 272 படிகளையும் உடற்பயிற்சிக்காக ஏறி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வியர்வையோடு நேரே கடைக்கு வருவார்கள். "ஆனே, ரொட்டி சானாய் டுவா, தே தாரிக் சத்து." ஏறியதைவிட அதிகமாகத் தின்றுவிட்டுப் போவார்கள். நான் காசை வாங்கிக் கல்லாவில் போட்டுக் கொண்டுதான் இருந்தேன், எனக்கே வரும்வரை.

எனக்கு வந்தது 49 வயதில். வெறும் வயிற்றில் 13.8. ஏழுக்கு மேல் போனாலே இனிப்பு நீர் என்று கணக்கு. அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். நானும் வாப்பா செய்ததையே செய்தேன், சீனியை விட்டேன். கூடுதலாக இரவுச் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி. நம் ஆட்களிடம் இது ஒரு பெரிய நம்பிக்கை. கோதுமை என்றால் ஒன்றும் செய்யாது என்று நாலு சப்பாத்தி சாப்பிடுவோம். வெள்ளைச் சீனி கெடுதல், கருப்பட்டி நல்லது, குலா மலாக்கா நல்லது, தேன் சுன்னத்து, பேரீச்சம்பழம் எவ்வளவும் சாப்பிடலாம். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சலுகை வைத்திருக்கிறோம். ஒரு வருடம் கழித்தும் என் அளவு பத்துக்குக் கீழே வரவில்லை. மாத்திரை மட்டும் கூடிக் கொண்டே போனது.

என் மகள்தான் சோதிக்கும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். "வாப்பா, யார் சொல்றதையும் நம்ப வேணாம். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு நீங்களே குத்திப் பாருங்க" என்றாள். ஒரு சின்ன நோட்டில் எழுதினேன். இரண்டு ரொட்டி சானாய், பருப்புக் கறி: 15.6. மூன்று சப்பாத்தி: 13.9. பழுப்பரிசிச் சோறு ஒரு தட்டு: 13.1. மீன் கறி, பெண்டிக்காய், முட்டைக்கோசு, அவித்த முட்டை, சோறு மூன்று கரண்டி மட்டும்: 8.4. அந்த 8.4ஐப் பார்த்துவிட்டுக் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு விரலில் குத்தினேன். 8.2 காட்டியது. இது என் உடம்பின் கணக்கு. உங்களுடையது வேறாக இருக்கும். ஆனால் வரிசை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

அன்றைக்கே வீட்டில் சோற்றை நிறுத்தினேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

சகோதரர்களே, மற்றதை மறந்தாலும் இதைக் கேட்டுக் கொள்ளுங்கள். நான் அப்போது கிளிக்லாசைட் மாத்திரை இரண்டு வேளை போட்டுக் கொண்டிருந்தேன். அந்த மாத்திரை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே கொண்டு வரும். நான் தட்டு நிறையச் சோறு சாப்பிடுவேன் என்று நினைத்து அளந்து கொடுத்த மாத்திரை. சோற்றை நிறுத்தியவன் மாத்திரையை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கிளினிக்கில் கேட்கவும் இல்லை. சொன்னால் திட்டுவார்களோ என்று நினைத்தேன். நாலாவது நாள் பதினோரு மணிக்கு, மதியக் கூட்டம் வருவதற்குள் கறிச் சட்டிகளை வரிசையாக வைத்துக் கொண்டிருந்தபோது, கை நடுங்கியது. சட்டை நனைந்துவிட்டது. வேலைக்கார ஆள் ஒருவனைக் காரணமில்லாமல் கத்தியிருக்கிறேன், அது எனக்கு நினைவில்லை. கொதிக்கிற ஆணத்துக்குப் பக்கத்தில் விழாமல் தரையில் விழுந்தது அல்லாஹ்வின் கிருபை. மகள் வந்து குத்திப் பார்த்தபோது 2.7. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறியதும்தான் விட்டார்கள். அன்றைக்குச் சீனிதான் என்னைக் காப்பாற்றியது.

மறுநாள் கிளினிக்கில் நோட்டைக் காட்டினேன். டாக்டர் திட்டவே இல்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, இரண்டு வாரத்தில் வரச் சொன்னார். மூன்று மாதத்தில் அதை முழுதாக நிறுத்தினார். மெட்ஃபோர்மின் மட்டும் இருக்கிறது, இன்றுவரை. ஆகவே இன்சுலின் போடுகிறவர்கள், கிளிக்லாசைட் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்காதீர்கள். எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் என்று சீனியைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு விட்டால், சீனி அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து இருக்கிறது என்று டாக்டர் எனக்கு விளக்கினார். சிறுநீரகம் கெட்டவர்கள் கறியையும் மீனையும் இஷ்டத்துக்குக் கூட்டக் கூடாது. பிள்ளை சுமக்கும் தாய்மார்களும், சின்ன வயதிலேயே இன்சுலினில் இருப்பவர்களும் வேறு கணக்கு. தயவுசெய்து என் நோட்டை அவர்களிடம் கொடுக்காதீர்கள்.

எவ்வளவு குறைப்பது என்பதில் ஆளாளுக்கு ஒரு பேச்சு. கைப்பேசியில் ஒருவர் வந்து, சோறே வேண்டாம், காலையில் நெய்யைக் குடி என்கிறார். நானும் இரண்டு மாதம் நெய்யும் சந்தானும் வெளுத்துக் கட்டினேன். சீனி இறங்கியது, கொழுப்பு ஏறியது. அதை விட்டேன். எனக்கு ஒத்துப் போனது நம் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சி. சென்னையில் டாக்டர் மோகன், டாக்டர் அஞ்சனா ஆகியோரின் ஆராய்ச்சி நிலையம் இந்தியா முழுக்க நடத்திய ஆய்வில் 18,090 பேருடைய சாப்பாட்டைக் கணக்கெடுத்து 2022ல் வெளியிட்டார்கள். நம் ஆட்கள் சாப்பிடும் கலோரியில் 60 முதல் 75 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. புதிதாக இனிப்பு நீர் வந்தவர்கள் அதை 50 விழுக்காட்டை ஒட்டிக் கொண்டுவந்து, குறைத்த இடத்தில் பருப்பு, மீன், முட்டை போன்ற புரதத்தை வைத்தால் நோய் பின்வாங்க வாய்ப்பிருக்கிறது என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். எனக்கு அதில் பிடித்தது, அவர்கள் சோற்றை ஹராமாக்கவில்லை. தட்டில் அதன் இடத்தைச் சுருக்கச் சொன்னார்கள். நான் அதையும் தாண்டி இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கிறேன், ஒரு நாளைக்கு 120, 130 கிராம் மாவுச்சத்து. அது டாக்டர் பார்த்துக் கொண்டிருப்பதால்.

நம் சுகாதார அமைச்சும் இதையே "சுக்கு சுக்கு செபாரோ" என்று சொல்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதி காய்கறியும் பழமும். சுவரொட்டி எல்லாக் கிளினிக்கிலும் இருக்கிறது. நாம் அதன் கீழேயே உட்கார்ந்து நம்பர் வருவதற்குக் காத்திருக்கிறோம், நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நாசி கண்டார் பிறந்த கதை உங்களுக்குத் தெரியும். பினாங்கில் நம் முன்னோர்கள் தோளில் காண்டாத் தடியில் சோற்றையும் கறியையும் தூக்கிக் கொண்டு போய், துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர்களுக்கு விற்றது. மூட்டை தூக்குகிறவனுக்கு அவ்வளவு சோறு வேண்டும். அன்றைய தட்டு அப்படியே இருக்கிறது, மூட்டைதான் போய்விட்டது. நாள் முழுக்க மோட்டார் காரிலும் கம்ப்யூட்டர் முன்னாலும் உட்கார்ந்திருப்பவர் மூட்டைக்காரர் சோற்றைச் சாப்பிடுகிறார்.

கடைக்கு வந்தால் எப்படிச் சாப்பிடுவது என்று ஒரு கடைக்காரனே சொல்லித் தருகிறேன். வரிசையில் நின்றதும் முதலில் கறியைக் காட்டாதீர்கள், காய்கறியைக் காட்டுங்கள். பெண்டி, பாகற்காய், முட்டைக்கோசு, ஊலாம் இருந்தால் அதுவும். தட்டில் பாதியை அது அடைக்கட்டும். பிறகு மீன், கோழி, கணவாய், முட்டை, எது பிடிக்குமோ அது. கடைசியில் "நாசி செபாரோ". பையன் மறந்து முழுக்கரண்டி வைத்தால் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். "பஞ்சிர்" வேண்டாம், ஆணம் வெள்ளமாக ஓடினால் அதை உறிஞ்ச இன்னொரு கரண்டிச் சோறு கேட்கும். காய்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் ஏற்றம் குறைகிறது, இதை என் நோட்டிலும் பார்த்தேன். காலையில் அரைவேக்காட்டு முட்டை இரண்டு, அல்லது ரொட்டி இல்லாமல் ஆட்டு சூப். வீட்டில் சமைக்கிறவர்களுக்குச் செலாயாங் மொத்தச் சந்தை பக்கத்தில்தான் இருக்கிறது. விலை அதிகம் என்று சொல்ல முடியாது.

ஆனால் செலவு கூடும் என்பது உண்மை. சோறு மலிவு, மீன் விலை. என் கடை வேலைக்காரர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்று சோற்றையே நிறைத்துச் சாப்பிடுவார்கள். நான் அவர்களுக்கு முட்டையும் கடலையும் கூட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன். முதலாளிமார்கள் இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

நோன்பு மாதம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நோன்புக் கஞ்சி இல்லாமல் நமக்கு நோன்பு திறந்த மாதிரியே இருக்காது. ஆனால் குழையக் குழைய வெந்த அரிசி சோற்றைவிட வேகமாக ஏறும். நான் பாதிக் கிண்ணம் எடுக்கிறேன், கறித் துண்டும் பருப்பும் அதிகமாகப் போடச் சொல்கிறேன். பேரீச்சம்பழம் ஒன்று. பெரிய ரகம் என்றால் அந்த ஒன்றிலேயே ஏறக்குறைய 16 கிராம் சீனி. சிராப் தண்ணீர் அறவே இல்லை. சஹருக்கு முட்டை, மீன், காய்கறியோடு கொஞ்சம் சோறு. நோன்பில் அளவு 3.9க்குக் கீழே இறங்கினாலோ 16.6க்கு மேல் ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் வழிகாட்டல். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று ஆலிம்கள் சொல்லியிருக்கிறார்கள். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை கொடுத்திருக்கும்போது, "இன்னும் ஒரு மணி நேரம்தானே" என்று பல்லைக் கடித்துக் கொண்டு இருப்பது வீரம் இல்லை. நான் இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்று, நம் உபசரிப்பு. விருந்துக்குப் போய்ச் சோறு போதும் என்றால், "என்ன காக்கா, சமையல் பிடிக்கலையா?" என்று லாத்தாமார்கள் முகம் வாடிவிடும். உடனே இன்னொரு கரண்டி வாங்கிக் கொள்வோம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை எல்லா மேடையிலும் சொல்கிறோம். மேடையை விட்டு இறங்கியதும் மூன்று பங்கும் பிரியாணிக்கே. இந்தப் பொன்விழா விருந்துக்கு நான் ஒரு யோசனை சொன்னேன்: பிரியாணியைக் குறைத்துக் கோழியையும் காய்கறியையும் கூட்டுவோம், சிராப்புக்குப் பதில் தண்ணீர் வைப்போம். சோற்றைக் குறைத்தால் சங்கத்தின் பெயர் கெட்டுவிடும் என்றார்கள். ஒரு மணி நேரம் வாதாடி, தண்ணீரும் காய்கறியும் மட்டும் வாங்கி வந்திருக்கிறேன். சிராப் இன்று கிடையாது. கோபித்துக் கொள்கிறவர்கள் என்னிடம் கோபித்துக் கொள்ளுங்கள்.

நாட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2019ல் அரசாங்கம் எடுத்த ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களிடையே 31 விழுக்காட்டுக்கும் மேல். 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 ஆகக் குறைந்திருக்கிறது. நம் குடும்பங்களில் ஒரு பிள்ளை பதிவில் மலாய்க்காரர், ஒரு பிள்ளை இந்தியர். கணையத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதே 2023 ஆய்வு சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை: இனிப்பு நீர் இருப்பவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை.

என் மகனுக்கு 29 வயது. கடையை இப்போது அவன்தான் பார்க்கிறான். இரவு இரண்டு மணிவரை நிற்கிறான், நிற்பதற்குத் தே தாரிக், பசித்தால் மீ கோரேங். போன மாதம் அடுக்களையில் விளையாட்டுப் போல அவன் விரலையும் குத்திப் பார்த்தேன். 12.4. "சாப்பிட்டேன்ல வாப்பா, அதான்" என்றான். சாப்பிட்டிருந்தாலும் 11.1ஐத் தாண்டினால் கிளினிக்குக்குப் போய் முறையாகப் பார்க்க வேண்டும் என்று நாலு தடவை சொல்லிவிட்டேன். நாலு தடவையும் கடையில் ஆள் இல்லை என்றான். இதை இங்கே சொல்ல அவனிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். அந்த நாற்காலியில் என் வாப்பா உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

பின் கதவுக்குப் பக்கத்தில் மேசை போட்டு இரண்டு தாதிமார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். காசு கிடையாது. அரை நிமிட வேலை. பிரியாணிக்குப் போகிற வழி அந்த மேசையைத் தாண்டித்தான் போகிறது, அது தற்செயலாக நடந்ததில்லை. முதல் ஆளாக விரலை நீட்டுவதாக என் மகன் ஒப்புக் கொண்டிருக்கிறான். அதோ எழுந்துவிட்டான். மற்றவர்கள் அவனுக்குப் பின்னால் நில்லுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும்.